பெடலை மிதித்த கால்

கிள்ளானில் இருந்த அந்தப் பட்டறைக்குள் கௌசலா காரை விட்டபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. பிரேக் பிடித்தால் ஸ்டீரிங் நடுநடுங்கியது. வேறு எங்கே போவாள்? கிஷன் இருக்கிறானே! அவள் தம்பி ஜெயந்திரனோடு கூட்டாகப் பட்டறை நடத்தியவன். போன வருஷம் ரவாங் மலை இறக்கத்தில் ஜெயந்திரன் கார் விபத்தில் செத்தபோது, காரியம் முடியும்வரை வீட்டுப் பிள்ளையாகக் கூட நின்றவன்.

ஜெயந்திரன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று முதலில் சொன்னவனும் கிஷன்தான். அந்தப் பேச்சுக்குக் கூசி அம்மா இன்றைக்கும் கோயில் வாசல் மிதிப்பதில்லை.

கிஷன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். "டிஸ்க் வளைஞ்சிருக்குக்கா. அதைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் இறுகிப்போயி டிஸ்க்கை விடவே மாட்டேங்குது. ரெண்டையும் மாத்திடலாம்லா."

மாற்றினான். இனி பிரேக் குழாயில் அடைந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். முன்பெல்லாம் மிதிப்பது ஜெயந்திரன். இன்று கௌசலா உட்கார்ந்தாள்.

"மிதிங்க… பிடிங்க… விடுங்க."

பாதியில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. கௌசலா இறங்கி வாசலுக்குப் போனாள். தகரக் கூரையில் கொட்டிய மழையில் கீழே கிடந்தவனுக்கு அவள் இறங்கியது கேட்கவில்லை.

பேசிவிட்டுத் திறந்திருந்த கார்க் கதவருகே திரும்பி வந்தாள்.

"மிதிங்க," என்றான் கிஷன், காருக்கு அடியிலிருந்து.

பெடல் கீழே போனது.

"பிடிங்க… விடுங்க. நல்லா செய்றீங்கக்கா. இன்னொரு தடவ."

மறுபடி போனது. இருக்கையில் யாரும் இல்லை.

கோடாலித் தைல வாசம் கப்பென்று அடித்தது. ஜெயந்திரன் தினமும் நெற்றியில் தேய்ப்பானே, அதே வாசம்.

"கிஷன்… நான் வெளியில நிக்கிறேன்."

ஸ்பானர் விழுந்தது. அவன் ஊர்ந்து வந்து அவளைப் பார்த்தான், பெடலைப் பார்த்தான். அது அமுங்கியே கிடந்தது. கையால் இழுத்தான். அசையவில்லை.

"விடுடா," என்று முனகினான். "மச்சான், விட்டுடுடா."

யாரென்று கேட்காமலே சொன்னான் பாருங்கள், அங்கேதான் கௌசலாவுக்குச் சந்தேகம் தட்டியது.

"என் தம்பிய என்னடா செஞ்ச?"

"அவன் குடிக்கலக்கா." கிஷன் பெடலையே பார்த்தான். "அவன் கார்ல நான் மாட்டினது பழைய கேலிப்பர். அடிபட்ட கார்லருந்து கழட்டினது. புதுசுன்னு சொன்னேன். இறக்கத்துல அது பிடிக்கல. மாட்டிக்குவேன்னு பயந்து குடிச்சிருந்தான்னு சொல்லிட்டேன்."

பெடல் மெல்ல மேலே எழுந்தது.

"அடப்பாவி! உன் கைய நம்பித்தானேடா காரை எடுத்தான்! அவன் பாடையத் தூக்கிட்டு வந்து எங்க வீட்டுல சோறும் தின்னியேடா!" தம்பி செத்த அன்றுகூட அவளுக்கு இப்படி நெஞ்சு எரியவில்லை. "வா. அம்மா முன்னால வந்து சொல்லு."

"என் வண்டியில பின்னாலயே வரேன்க்கா," என்று அவன் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தான்.

அவன் கை பட்ட காரைத் தொடவே அவளுக்குக் கூசியது. ஆனாலும் தம்பி மிதித்துப் பார்த்த பிரேக் என்று துணிந்து வெளியே எடுத்தாள். கார் நடுங்காமல் நின்றது.

கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கிஷன் முதுகைக் காட்டிக்கொண்டு பட்டறைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தான். ஓரத்தில் நின்ற அவனுடைய காலி வண்டியின் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது.

அணைந்தது.

மறுபடி எரிந்தது.

ஹாரன் அடித்து அவனை எச்சரித்திருக்கலாம். கௌசலா அடிக்கவில்லை.