பனிநாட்டு வண்டி

பக்கத்து இருக்கை சூடாக இருந்தது.

வெயில்தான் என்று சுசீலா முதலில் நினைத்தாள். ஆகஸ்ட் மாதத்தில் கதவுப்பிடி சுடும், சீட் பெல்ட்டின் கொக்கி சுடும், குழாயில் வரும் தண்ணீர்கூடச் சுடும். ஆனால் மிர்ஃபாவிலிருந்து ருவைஸ் வரைக்கும், அந்த வளைகுடாப் பாலைவனச் சாலை முழுக்க, ஏசி ஓடியிருந்தது. ஸ்டீயரிங் குளிர்ந்துவிட்டது. அவள் உட்கார்ந்திருந்த தோல் இருக்கையும் சில்லென்றுதான் இருந்தது. கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுக்கக் கை நீட்டியபோது அந்த இருக்கை மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல, இளஞ்சூடாக இருந்தது. கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இருக்கையைச் சூடாக்கும் பொத்தான். குளிர் நாட்டுக்காரர்களுக்காக வைத்தது. அவள் அதைத் தொட்டதே இல்லை.

கை பட்டிருக்கும் என்று அணைத்துவிட்டு இறங்கினாள்.

வண்டி வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பழைய கார் ஜூன் மாதத்தில் நெடுஞ்சாலையின் நடுவில் செத்துப்போனது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, லாரிகள் அடித்துவிட்டுப் போகும் அனல்காற்றில், மீட்பு வண்டி வரும்வரை அவள் தனியாக நின்றாள். அன்று யாருக்குப் போன் செய்வது என்று யோசித்தபோது ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. கணவர் அனந்தகிருஷ்ணன் வேலை மாறி சலாலாவுக்குப் போய்விட்டார். மகள் கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்துவிட்டாள். மகளின் பள்ளிக்காக மிர்ஃபாவில் எடுத்த வீட்டில் அவள் மட்டும் மிச்சம்; தினமும் ருவைஸ் போய் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவாள்.

முஸஃப்பாவில் பழைய கார் விற்கும் ஹஸ்னைன் இரண்டு செடான்களைக் காட்டினான். லாகூர்க்காரன், அவளிடம் இந்தியில்தான் பேசுவான். முதலாவது வெள்ளை. இங்கேயே ஓடிய வண்டி, ஒரே சொந்தக்காரர். ஓட்டிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை, பாராட்டவும் ஒன்றுமில்லை.

இரண்டாவது கருநீலம்.

"இது கனடா வண்டி மேடம். நாலு சக்கரமும் இழுக்கும். பனியிலேயே ஓடினது. அடியில உப்பு அரிச்சிருக்கு பாருங்க, மறைக்க மாட்டேன். அங்க ரோட்டுல பனி உருக உப்பு போடுவாங்க. ஆனா இன்ஜின் சிங்கம்."

"முன்னாடி யாரு வெச்சிருந்தாங்க?"

"கண்டெய்னர்ல வந்தது. அதுக்கு முன்னாடி அல்லாவுக்குத்தான் தெரியும்."

ரவுண்டானாவில் அதைத் திருப்பினாள். வண்டி தரையைக் கவ்விக்கொண்டு வளைந்தது. ஆக்சிலேட்டரில் லேசாகக் கால் வைத்ததும் முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு பாய்ந்தது. தான் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கடைசியாக எப்போது சிரித்தாள் என்று நினைவில்லை.

"ஜாலியா ஓட்டறதுக்கா கார் வாங்கற? வழியில நிக்காம போனா பத்தாதா? வெள்ளையையே எடு சுசீ" என்றார் அனந்தகிருஷ்ணன் போனில்.

"நீங்களா ஓட்டப்போறீங்க?" என்று கேட்டுவிட்டு, கருநீலத்தை வாங்கினாள்.

மறுநாளும் அந்த விளக்கு எரிந்தது. அணைத்தாள். வீடு திரும்பும்போது மறுபடியும். ஹஸ்னைனைக் கூப்பிட்டாள்.

"ஃபியூஸைப் பிடுங்கிடுங்க மேடம், கலாஸ், முடிஞ்சுது. இந்த ஊர்ல அது யாருக்கு வேணும்?"

பிடுங்கிவிட்டாள். விளக்கு அதன்பிறகு எரியவில்லை. இருக்கை மட்டும் தினமும் சூடாகிக்கொண்டுதான் இருந்தது.

செப்டம்பரில் அந்தப் பக்கத்துக் கால்மிதி நனையத் தொடங்கியது. ஏசித் தண்ணீர் என்று துணியை விரித்தாள். துணி காய்ந்தபோது விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் நனைந்த கம்பளியின் வாடை வந்தது. தண்ணீரில் முக்கிப் பிழியாமல் மூலையில் போட்ட சுவெட்டரின் வாடை. பெல்ட் போடச்சொல்லி நினைவூட்டும் மணி, அங்கே பையில்லாதபோதும் ஆளில்லாதபோதும், டிங் டிங் என்று அடித்தது. ஒருநாள் அந்தச் சத்தம் பொறுக்காமல் பக்கத்து பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் மாட்டினாள். மணி நின்றது. வண்டிக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

விற்றுவிடலாம் என்று பலமுறை நினைத்தாள். ஆனால் விற்கவில்லை. காரணத்தை யாரிடமும் சொல்ல முடியாது. அனந்தகிருஷ்ணனின் அழைப்புகள், சாப்பிட்டியா, சரி, வெச்சிடறேன் என்று சுருங்கியிருந்தன. மகளுக்கு எப்போதும் பரீட்சை. கடலுக்கும் மணலுக்கும் நடுவே நீளும் அந்தச் சாலையில், பக்கத்தில் யாரோ சூடாக உட்கார்ந்திருப்பது, அதை மட்டும் நேருக்கு நேர் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டால், அவ்வளவு மோசமாக இல்லை.

முதலில் தானாகப் புலம்பினாள். பிறகு நிஜமாகவே பேசினாள். எந்த நோயாளி எரிந்து விழுந்தார், எந்த மருந்து வரவில்லை, எல்லாம். நவம்பரில் ஒருநாள், "குளிருதா? இரு, ஏசியைக் குறைக்கறேன்" என்று வாய்தவறிச் சொன்னாள்.

தோல் இருக்கை மெல்ல முனகியது. அவள் பக்கமாக யாரோ நகர்ந்து உட்காரும் முனகல்.

அன்று வீட்டுக்குப் போனதும் எல்லா விளக்கையும் போட்டாள். மறுநாள் காலையில் அதே வண்டியைத்தான் எடுத்தாள்.

ஜனவரியில் பனி இறங்கியது. மூடுபனி. அந்தப் பக்கத்தில் வருடா வருடம் வருவதுதான். வேகத்தைக் குறைக்கச்சொல்லிப் பலகைகள் மினுங்கும், முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு கரைந்து காணாமல் போகும். நாலு சக்கரமும் பிடிக்கிற வண்டி என்ற தைரியத்தில் அவள் கிளம்பினாள். பொழுது விடிந்திருந்தும் உலகம் பாலில் முக்கிய துணிபோலக் கிடந்தது. முன் கண்ணாடி உள்ளுக்குள் மங்கியது. அவள் பக்கம் தெளிவாகத்தான் இருந்தது. வலப்பக்கத்தில், அந்த இருக்கைக்கு நேரே மட்டும், ஒரு வட்டம் வெளுத்தது, சுருங்கியது. மறுபடி வெளுத்தது, சுருங்கியது.

மூச்சு.

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், துணியால் எட்டித் துடைத்தாள். துணி வழுக்கவில்லை. சொரசொரத்தது. ஈரம் இல்லை, பனிக்கட்டிப் படலம். விரலில் ஒட்டியது. வெளி வெப்பநிலையைக் காட்டும் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கழித்தல் கோடு முளைத்திருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். மூடுபனி, உறைபனி, தமிழில் இரண்டுக்கும் பனி என்றுதான் சொல்கிறோம். இது எந்தப் பனி என்ற கேள்வி எங்கிருந்தோ வந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்தது.

டயரின் சத்தம் மாறியது. தார்ச்சாலையின் இரைச்சல் போய், எதையோ நொறுக்கிக்கொண்டு போவதுபோல நறநறவென்று ஒரு மெத்தென்ற ஒலி. காற்று மணலைச் சாலையில் குவித்திருக்கும். மணல்தான். ஸ்டீயரிங் கைக்குள் லேசானது. வண்டி கொஞ்சம் வழுக்கியது, சக்கரங்கள் பிடித்தன, மறுபடி வழுக்கியது. பின்னால் வந்த லாரியின் உறுமல் நின்றுபோயிருந்தது. கடலின் வாடை இல்லை. எந்தச் சத்தமும் இல்லை.

வண்டி நின்றது.

சாவியைத் திருப்பினாள். டாஷ்போர்டு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. தோளைக் கொடுத்து முட்டினாள். வெளியே இருந்து ஏதோ அழுத்தியது. கனமாக. மென்மையாக. கண்ணாடியின் பாதிவரை வெள்ளை ஏறியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஏறியது.

போனை எடுத்தாள். விரல்கள் மரத்துவிட்டன. மூன்றாம் முயற்சியில்தான் பெயரை அழுத்த முடிந்தது.

"என்ன சுசீ, இந்நேரத்துல? டூட்டிக்குப் போகலையா?"

"என்னங்க..." புகையாக வந்தது மூச்சு. "வண்டி நின்னுடுச்சுங்க. கதவு திறக்கலை. ரொம்பக் குளிருது. போலீஸுக்குச் சொல்லுங்க."

"எங்க இருக்க? பதறாத. சரியா கேக்கலை. பக்கத்துல இருக்கறவங்களைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"யாரும்மா அது? குளிர்ல பல்லு கடகடன்னு அடிச்சுக்கற மாதிரி சத்தம் வருது. நீயா?"

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். மூச்சை அடக்கினாள். போனுக்குள், அவர் காதருகே, அது கேட்டுக்கொண்டே இருந்தது.

"சுசீ? சுசீ, யாரு அது?"

திரை கறுத்தது.

திரும்பக் கூடாது. அது மட்டும் தெரிந்தது. இடப்பக்கத்துக் கண்ணாடியை நகத்தால் சுரண்டினாள். உள்பக்கமும் படிந்துவிட்டது. சுரண்டினாள். நகம் பிய்ந்தது. வலி தெரியவில்லை. ஒரு காசு அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. கண்ணை வைத்தாள்.

வெளியே வெயில்.

மூடுபனி விலகிவிட்டிருந்தது. மணல் மஞ்சளாகப் பளபளத்தது. சாலை காய்ந்து கிடந்தது. கைக்கெட்டும் தூரத்தில், தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து மெதுவாகப் போனது. சன்னலோரத்தில் ஒருவன் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தான். அவள் காரை நேராகப் பார்த்தான். சாலையோரம் நிற்கும் ஏதோ ஒரு காரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

அவள் கண்ணாடியை அடித்தாள். இரண்டு கையாலும் அடித்தாள். கத்தினாள். பஞ்சில் குத்தியதுபோல ஒரு சத்தமும் எழவில்லை. பேருந்து போய்விட்டது.

பின்னால் தோல் இருக்கை முனகியது.

பக்கத்து பெல்ட்டின் கொக்கி விடுபட்டது. கிளிக்.

அவளால் அசைய முடியவில்லை. நனைந்த கம்பளியின் வாடை நெருங்கி வந்தது. நீண்ட பயணத்தில் களைத்துப்போன ஒருவர், கேட்காமலே, பக்கத்தில் இருப்பவர்மேல் தூங்கி விழுவதுபோல, அவள் வலது தோளில் ஒரு தலை சாய்ந்தது. முடி விறைத்துக் கட்டியாக இருந்தது. அது அவள் கழுத்தில் உரசியது. வசதி தேடிக் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு முழு பாரத்தையும் இறக்கி வைத்தது.

பற்களின் நடுக்கம் அடங்கியது.

நெடுமூச்சு ஒன்று அவள் கன்னத்தைத் தாண்டிக் கண்ணாடிமேல் படர்ந்தது. சுரண்டி வைத்த ஓட்டை, விளிம்பிலிருந்து நடுவுக்கு, மெல்ல மெல்ல வெளுத்து மூடியது.