பக்கத்து இருக்கை

சிம்பாங் அம்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தியபோது, இந்தப் பயணத்தில் படவேண்டிய பாடெல்லாம் பட்டாயிற்று என்றுதான் கோகிலன் நினைத்தான். சிகாமட்டிலிருந்து கிளம்பி இது மூன்றாம் நாள். சிரம்பானில் டயர் போனது. ஈப்போவில், முன்பின் தெரியாத ஒரு சந்தில், பேட்டரி மொத்தமாகக் கையை விரித்தது. புதுசு மாற்றிக்கொடுத்த கார் ரிப்பேர் போர்மேன், செத்த பேட்டரிக்கு இன்னொரு காரிலிருந்து மின்சாரம் தரும் ஜம்பர் கேபிள் ஒன்றையும் அவன் தலையில் கட்டி அனுப்பினான்.

"இதுக்கு மேல ஒண்ணும் ஆவாதுலா. முருகன் பாத்துக்குவாரு," என்றாள் மனைவி ஜெகதீஸ்வரி.

அவளுக்காகத்தான் இந்தப் பயணமே. போன வருஷம் அவளுக்கு நெஞ்சில் ஆபரேஷன். பிழைத்து எழுந்தால் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இருவரும் வந்து படியேறுகிறோம் என்று கோகிலன் வேண்டிக்கொண்டான். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவள் இல்லாவிட்டால் தன் கதி என்ன என்பதை, ஆஸ்பத்திரி நாற்காலியில் பதினொரு மணி நேரம் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிட்டான். இன்னொரு முறை பார்க்க அவனுக்குத் திராணி கிடையாது.

"தம்பி, கேபிள் இருக்கா?"

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தலை கலைந்து, தூங்கியே பல நாளானது போன்ற கண்கள். அவளுக்குப் பின்னால் பழைய வெள்ளைக் கார் ஒன்று பானட்டைத் திறந்தபடி நின்றது. அதில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டபடி ஓர் ஆள். கண் பாதி மூடியிருந்தது. ஆள் அசையவே இல்லை. மண்டையைப் பிளக்கும் அந்த வெயிலில் அவன் பக்கத்துக் கண்ணாடி மட்டும் பனி பூத்திருந்தது.

இல்லை என்று சொல்லத்தான் கோகிலன் வாயெடுத்தான். ஜெகதீஸ்வரி விடவில்லை.

"நேர்த்திக்கடனுக்குப் போறோம். கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்லக் கூடாதுங்க."

இரண்டு கார்களையும் முகத்துக்கு முகம் நிறுத்திக் கேபிளைப் பொருத்தினான். ஜெகதீஸ்வரி தன் இருக்கையிலேயே இருந்தாள். அந்தப் பெண் என்ஜினைப் பார்க்கவில்லை. ஜெகதீஸ்வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக் கார் உறுமியது. உள்ளே இருந்தவன் வெடுக்கென்று தலையைத் தூக்கினான். தன் கைகளை யாருடையவோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கோகிலனைப் பார்த்து வாயைத் திறந்தான். அதற்குள் அந்தப் பெண் கேபிளைப் பிடுங்கி எறிந்து, பானட்டை அறைந்து மூடி, காரைக் கிளப்பிக்கொண்டு போயேவிட்டாள்.

"என்ன பொம்பளடி இவ. ஒரு நன்றி கூட இல்ல," என்றபடி கேபிளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பானட்டை மூடிவிட்டு உள்ளே ஏறினான்.

அவள் பக்கம் திரும்பினான்.

ஜெகதீஸ்வரியின் கண்கள் பாதி மூடியிருந்தன. கையைத் தொட்டான். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மீனைப் போல இருந்தது.

அவள் பக்கத்துக் கண்ணாடியில் பனி பூத்துக்கொண்டிருந்தது.

எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பாதை, ஒன்றும் தெரியாது. போன் காட்டிய வழியில் இரண்டாவது பாலத்தைத் தாண்டினான். கார் திக்கியது, நின்றது, மறுபடி கிளம்பியது. உள்ளே அடைத்துக் கிடந்த அறையின் ஈர வாடை. ஜெகதீஸ்வரி மூச்சு விடுகிறாளா என்று எண்ணிக்கொண்டே வந்தான். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று விளக்குக் கம்பங்கள் கடந்தன. அப்புறம் ஐந்து கடந்தன.

சுங்கை பினாங்கில், அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருந்த ஓர் ஒர்க்‌ஷாப் வாசலில், கார் ஒரேயடியாக நின்றது.

போர்மேன் மோகனராஜ் கையைத் துடைத்தபடி வந்தார். பானட்டைத் திறந்தார். "பேட்டரி புதுசாத்தான் இருக்கு. ஏன் கோங் ஆச்சு, ஒரேயடியா செத்துக் கெடக்கு?" என்று முனகியவர், ஜன்னல் வழியாக ஜெகதீஸ்வரியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"யாருக்காச்சும் ஜம்ப் குடுத்தீங்களா?"

கோகிலன் தலையாட்டினான்.

"பக்கத்துல இவங்க உக்காந்திருந்தாங்களா?"

"ஆமாண்ணே. ஆம்புலன்ஸ் கூப்புடுங்க. தொலோங்ண்ணே, உதவி பண்ணுங்க."

மோகனராஜ் போனை எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசினார். "மூணு வருஷம் முந்தி நானும் ஒருத்தருக்குக் குடுத்தேன். அவரு சம்சாரம் இப்படித்தான் கெடந்துச்சு. கேபிள மாட்டுனதும் எழுந்துருச்சு. என் காடியில பக்கத்துல என் தங்கச்சி நவமணி. ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடுனேன். ஊசி, ஆக்ஸிஜன், எல்லாம் பாத்தாங்க. இருட்டுற நேரத்துல போயிட்டா."

"வேற வழியே இல்லையா?"

"இருந்துச்சு. இன்னொருத்தர்கிட்ட வாங்கணும். வாங்கினா அவங்க பக்கத்துல இருக்கறவங்க போவாங்க. எனக்கு மனசு வரல." மோகனராஜ் அவன் முகத்தையே பார்த்தார். "அதோட, எழுந்திருக்கறது யாருன்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான். போயிருங்க தம்பி. என் கடை வாசல்ல வேணாம்."

மணி ஆறேகால்.

கோகிலன் ஒருவனாகவே காரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாலையோரம் நிறுத்தினான். பானட்டைத் திறந்துவைத்துவிட்டு, கையில் கேபிளோடு நின்றான். தன் பெண்டாட்டியைக் கேட்டு எவளோ ஒருத்தி நின்ற அதே நிற்பு. அது அவனுக்கும் தெரிந்தது. தெரிந்தும் நின்றான்.

முதலில் ஒரு வேன் நின்றது. ஓட்டி வந்த பெரியவருக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் அங்கிள், சரியாயிருச்சு," என்றான் கோகிலன்.

அதுவரைக்கும் அவன் மனிதன்தான்.

வானம் சிவந்து மங்கத் தொடங்கியது. ஜெகதீஸ்வரியின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அவள் காதருகே போய், "ஈஸ்வரி, கொஞ்சம் பொறுத்துக்கம்மா, இதோ," என்று கிசுகிசுத்தான். அவள் மூச்சுக்குக் காத்திருந்தான். வெகுநேரம் காத்திருந்தான்.

அப்போதுதான் அந்தச் சிவப்புக் கார் தானாகவே ஒதுங்கி நின்றது. அவன் கையைக்கூடக் காட்டவில்லை.

"என்னாண்ணே, பேட்டரியா?" இறங்கிய இளைஞன் தன் பெயர் அலாவுதீன் என்றான். செபராங் ஜெயாவில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பியவர்களாம். பக்கத்து இருக்கையிலிருந்து அவன் மனைவியும் இறங்கினாள். தலையில் பச்சை முக்காடு, இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"மச்சான், அந்த அக்காவப் பாருங்க. குளிர்ல வெறச்சுப் போயிருக்காங்க," என்றாள். தன் காரிலிருந்து ஒரு சால்வையை எடுத்துவந்து, ஜெகதீஸ்வரியின் மேல் போர்த்தி, கழுத்துவரை இழுத்துவிட்டாள். "என் பேரு ஹமீதா, அக்கா. ஒண்ணும் ஆவாது. நானும் கூட ஆஸ்பத்திரிக்கு வரேன்."

கோகிலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவ்வளவு நல்லவளாகவா வந்து நிற்க வேண்டும்? நாலு வார்த்தை திட்டுகிறவளாக வந்திருக்கக் கூடாதா? ஆபத்துக்குப் பாவமில்லை என்று யாரோ எந்தக் காலத்திலோ சொல்லி வைத்ததை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"தங்கச்சி," என்றான். "நீங்க உங்க காடியிலயே உக்காருங்க. லோரி வர்ற ரோடு. வெளிய நிக்க வேணாம்."

ஹமீதா சிரித்தபடி போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.

கேபிளின் சிவப்புக் கவ்வி. கறுப்பு. மறுபடி சிவப்பு. கடைசிக் கவ்வியைப் பொருத்தும்போது அவன் கை நடுங்கவே இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

என்ஜின் ஒரே திருப்பில் பிடித்தது.

ஜெகதீஸ்வரி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். நிறம் திரும்பியது. கண் திறந்தது. கோகிலனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவள் கையைப் பிடித்தான். கதகதப்பாக இருந்தது. அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு, "ஈஸ்வரி, ஈஸ்வரி," என்று விம்மினான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

தலையைத் தொட்டாள். அங்கே இல்லாத எதையோ தேடி, பதறிப்போய், மேலே கிடந்த சால்வையால் தலைமுடியை மூடினாள்.

வெளியே அலாவுதீன் கேபிளைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, தன் காரைக் குனிந்து பார்த்தான். "ஹமீதா," என்று கூப்பிட்டான். சிவப்புக் காரில் அவள் பக்கத்துக் கண்ணாடி பனி பூத்திருந்தது. "ஹமீதா, என்னாடி ஆச்சு?"

"மச்சான், நா இங்க இருக்கேன்," என்றாள் ஜெகதீஸ்வரி.

அவள் குரல்தான். பதினேழு வருஷமாகக் கோகிலனைச் சாப்பிடக் கூப்பிட்ட அதே குரல்.

அவன் கதவுகளைப் பூட்டினான். இறங்கிப் போய் பானட்டை மூடக்கூட இல்லை. பின்னால் எடுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, பக்கத்துச் சந்துக்குள் காரை விட்டான். திறந்த பானட் பாதையை மறைத்தது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபடி ஓட்டினான். அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். மச்சான், மச்சான் என்று கத்தினாள். சந்து திரும்பி, அந்தச் சிவப்புக் கார் மறைந்ததும் கத்தல் நின்றது. கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள்.

கார் திக்கவே இல்லை. வாங்கிய நாளிலிருந்து அது இவ்வளவு நன்றாக ஓடியதில்லை.

கொஞ்ச தூரம் போனபின், அவள் மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னைய எங்க கொண்டுபோறீங்க, அண்ணே?" என்று கேட்டாள்.