இல்லையென்று சொன்ன மகள்

கவிப்பிரியாவுக்கு நீலச் சீருடையைப் போட்டுவிட்டுப் பின்னலை முடிந்துகொண்டிருந்தாள் அனுசுயா. ஓரகத்தி ஜெயம்மாள் அறைவாசலில் வந்து நின்று, இன்றைக்கு இவள் எங்கேயும் போகக்கூடாது என்றாள்.

கவிப்பிரியாவுக்குப் பத்தொன்பது வயது. படிப்பு ஏறவில்லை, பேச்சும் குறைவு. மிக்ஸி ஓடினால்கூடக் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் சுருண்டுவிடுவாள். பெரியப்பா தேசப்பன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பைத்தியம் என்பார். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு வேலை பழக்கும் மையம் ஒன்று அரக்கோணத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, வீட்டில் எல்லோருடைய வசவையும் வாங்கிக்கொண்டு அனுசுயா அவளை அங்கே சேர்த்தாள். மெத்தை விரிப்பு மாற்ற, தலையணைக்கு உறை போட, துவைத்த துணியை மடிக்க அங்கே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். திருத்தணி மலையடிவாரத்து லாட்ஜ் ஒன்று அந்தப் பிள்ளைகளில் சிலரை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. கவிப்பிரியா அங்கே போய் வேலை செய்து காட்ட வேண்டிய நாள் அன்றுதான்.

அதே நாளில் ஜெயம்மாளின் மகள் மோனிஷாவைப் பெண் பார்க்கக் கனகம்மாசத்திரத்திலிருந்து வருகிறார்கள்.

லாட்ஜுக்குப் போனால் வீட்டில் யார் கண்ணிலும் படமாட்டாளே என்று அனுசுயா கெஞ்சிப் பார்த்தாள். வருகிறவர்கள் முதலில் மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள், வழியில் இவளைப் பார்த்து விசாரித்தால் சம்பந்தம் கெட்டுப்போகும் என்றாள் ஜெயம்மாள். கடைசியில் தேசப்பன் முடிவு சொன்னார். அவர்கள் கிளம்பிப் போகிறவரை கவிப்பிரியா கழனியில் உள்ள மோட்டார் கொட்டாயில் இருக்க வேண்டும்.

"பாவா, அவளுக்குச் சத்தம்னா ஆவாதுங்க. அங்க மட்டும் வேணாம்" என்று கணவனின் அண்ணனிடம் மன்றாடினாள் அனுசுயா.

"மோட்டார் ஓடாது. ஒரு நாள் உள்ள இருந்தா செத்தா பூடுவா? எம் பொண்ணு கல்யாணம் நின்னா நீ பதில் சொல்றியா?"

அனுசுயா கணவனைப் பார்த்தாள். அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத பூபாலன், தலையைக் குனிந்தபடி ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். பட்டுப்புடவையில் நின்ற மோனிஷாவின் முகம் வெளுத்திருந்தது. பிரசவத்துக்குப் பின் ஜெயம்மாள் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் அந்தப் பெண்ணையும் தன் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அனுசுயா. அவளுக்காகத்தான் அன்று வாயை மூடிக்கொண்டாள்.

லாட்ஜுக்குத்தான் போகிறோம் என்று நினைத்து, கவிப்பிரியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே நடந்தாள்.

வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா அனுராதா மட்டும் யாரையோ தேடுவதுபோல வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பந்தியில் பாயசம் ஊற்ற வந்த அனுசுயாவிடம், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

"தம்பிக்குக் கொழந்த பாக்கியம் இல்லீங்க" என்று தேசப்பன் முந்திக்கொண்டார்.

அனுராதா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லுங்கம்மா. இல்லீங்களா?"

ஜெயம்மாளின் கண்கள் அனுசுயாவையே குத்திக்கொண்டிருந்தன.

"இல்லீங்க" என்றாள் அனுசுயா.

சற்று நேரத்தில் கழனிப் பக்கம் கரண்ட் வந்தது. மோட்டார் தானாகவே ஓட ஆரம்பித்த சத்தம் பந்திவரை கேட்டது. பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடப்போன அனுசுயாவின் மணிக்கட்டை ஜெயம்மாள் இறுக்கிப் பிடித்தாள். முகத்தில் சிரிப்பு மாறாமல் காதோரம் சொன்னாள்: "ஓடட்டும். அது கத்துறது வெளிய கேக்காது."

விருந்தாளிகளின் வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் பூபாலனிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுசுயாவால் ஓட முடிந்தது. மோட்டார் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டாயின் மூலையில் கவிப்பிரியா இரண்டு காதுகளிலும் ஈரமண்ணை அடைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். கதவைப் பிறாண்டிய விரல்களில் நகம் பெயர்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்தும் அவள் எழுந்து வரவில்லை. தொடப்போனதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அனுராதா மட்டும் தனியாக வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்க சின்னவனும் இந்த மாதிரி புள்ளதாங்க. அவனச் சேக்க அரக்கோணம் போனப்பதான் உங்க கவிப்பிரியாவப் பாத்தேன், எந்த ஊட்டுப் பொண்ணுன்னு விசாரிச்சேன். இப்படி ஒரு தங்கச்சிகூட வளந்த பொண்ணு வந்தா, நான் போன பொறவு எம் புள்ளைய மனுசனா வெச்சுக்கும்னு நெனச்சேன். அதுக்கோசரம்தான் சம்மந்தம் கேட்டோம்." பிறகு அனுசுயாவின் பக்கம் திரும்பினாள். "பெத்தவளே இல்லன்னு சொல்ற ஊட்ல எப்படிம்மா பொண்ணெடுக்கறது?"

அவள் போனபின் வீடு அனுசுயாவின் மேல் பாய்ந்தது. சனியனைப் பெற்றுக்கொண்டு வந்து என் மகள் வாழ்வைக் கெடுத்தாய் என்று ஜெயம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். இருவரையும் வெளியே துரத்தச் சொன்னார் தேசப்பன். அப்போதுதான் மோனிஷா தன் அப்பாவிடம் கேட்டாள்.

"கரண்டு வந்தா மோட்டார் தானா ஓடும்னு உனக்குத் தெரியும்ல நைனா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பக்கத்தில் நின்ற பூபாலன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அது இருவருக்குமே தெரிந்த விஷயம்தான்.

அனுசுயா பையில் துணிகளை எடுத்து வைத்தாள். மோனிஷா அவளைக் கட்டிக்கொண்டு, எனக்காகத்தானே சித்தி என்று விம்மினாள்.

"உம்மேல கோவம் இல்லடா கண்ணு. ஆனா உனக்குன்னு நான் எடுத்துக் குடுத்தது என்னுது இல்ல... அவளுது."

லாட்ஜில் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிருந்தது. கவிப்பிரியா பேச்சை அடியோடு விட்டுவிட்டாள். அரக்கோணத்தில் எடுத்த ஒற்றை அறையின் கதவைச் சாத்தினாலே அலறினாள். அதனால் கதவைத் திறந்து போட்டு, நிலைப்படிக்குக் குறுக்கே அனுசுயா படுத்துக்கொண்டாள். பகலில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் துலக்கினாள். தலை வாரிவிடக்கூட மகள் அவளைக் கிட்டே சேர்க்கவில்லை. மையத்து டீச்சர் மட்டும் கவிப்பிரியாவைக் கைவிடவில்லை. கதவுள்ள அறைகளுக்குக் கூப்பிடாமல், மொட்டை மாடியில் விரிப்புகளைக் காயப்போட்டு மடிக்கும் வேலையைக் கொடுத்தார். மழைக்காலம் கழியும் தறுவாயில் அவள் மறுபடியும் துணியைத் தொட்டாள்.

தை பிறந்ததும் பூபாலன் தேடி வந்தான். அன்று அனுசுயாவும் மாடியில்தான் இருந்தாள். அவன் அழுதான். அண்ணனோடு பாகம் பிரித்துக்கொண்டதாகவும், இனி தனிக்குடித்தனம்தான் என்றும் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டான்.

"நீ பூட்டுன, நான் இல்லன்னேன். நம்ம ரெண்டு பேரும் கூப்ட்டா வர்ற கொழந்த இல்ல இப்ப அது" என்றாள் அனுசுயா.

கவிப்பிரியா பெரிய விரிப்பு ஒன்றை மடிக்கத் திணறிக்கொண்டிருந்தாள். பூபாலன் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கைகளைப் பார்த்தாள். விரிப்பை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

எவ்வளவோ நேரம் அதை மார்போடு அணைத்தபடி நின்றாள். பிறகு ஒரு முனையை மட்டும் அம்மாவின் பக்கம் நீட்டினாள்.

அனுசுயா வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடியே போய், அதைப் பிடித்தாள்.