அட்டை இல்லாத எட்டு மரங்கள்

கத்திரி வெயில் தொடங்கிய திங்கட்கிழமை, ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் தோல் ஆலைக்குப் புது டிரம் வந்து இறங்கியது. தோல் ஊறிச் சுழலும் மர உருளை. ஒரு சின்ன அறை அளவு இருக்கும். எங்கள் கொட்டகையில் அது ஏழாவது.

மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த எக்கி. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், சுண்ணாம்பிலும் அமிலத்திலும் முப்பது வருடம் கிடந்தாலும் அசையாது. எங்களிடம் தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஒவ்வொரு மரத்திலும் மஞ்சள் அட்டை இருக்க வேண்டும். வெட்டிய மரத்துக்கும் அதன் அடிக்கட்டைக்கும் ஒரே எண்ணைப் போட்டு, மற்ற மரங்களை வளரவிடுகிற காட்டிலிருந்து வந்தது என்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி.

அதைச் சரிபார்ப்பது என் வேலை. என் பெயர் சௌந்தர்யா.

டிரம் செய்யும் முன் மேஸ்திரியின் பட்டறைக்கு வந்தது பன்னிரண்டு மரம். அட்டை இருந்தது நான்கில். மீதி எட்டும் எந்தக் காட்டில் எப்படி வெட்டப்பட்டவையோ, யாருக்குத் தெரியும்? நான் சொன்னால் டிரம் வராது, ஆர்டர் போய்விடும், என் வேலையும் போய்விடும். அதனால் அந்த நான்கு அட்டைகளையே மாற்றி மாற்றிச் செருகி, எண் தெளிவாகத் தெரியாதபடி பன்னிரண்டு படம் எடுத்து அனுப்பினேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். எட்டில் ஒன்று வெடித்திருந்தது. அதை டிரம் செய்த மேஸ்திரி ரத்தினசாமி என் புது வீட்டுக்கு வாசற்கதவாக்கித் தந்தார். நானும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

ஆக, டிரம்முக்குள் போன அட்டை இல்லாத மரங்கள் ஏழு.

புது டிரம்மில் மூன்று நாள் தண்ணீர் நிரப்பி வைத்தோம், பலகை ஊறி இடுக்கு அடைய வேண்டும் என்று. நான்காம் நாள் காலை தண்ணீரைத் திறந்துவிட்டபோது அடர்சிவப்பாக ஓடியது. புது மரத்தின் சாயம்தான். ஆனால் கொட்டகையில் எப்போதும் இருக்கும் சுண்ணாம்பு நாற்றம் காணாமல் போய், மழை விட்ட காட்டின் ஈரமண் வாசனை அடித்தது. வெளியே நூற்று ஆறு டிகிரி வெயில்.

எந்த ஆலையிலும் மோட்டார் போடுவதற்கு முன் டிரம்மை மரச்சுத்தியலால் மூன்று தட்டு தட்டிக் குரல் கொடுப்பார்கள். கழுவ இறங்கிய ஆள் உள்ளே இருந்தால் திருப்பித் தட்டுவார். சத்தம் வந்தால் சுவிட்சில் கை வைக்கக் கூடாது.

இருபது வருடமாக டிரம் கழுவும் கன்னியப்பன் அண்ணன் அன்று மூன்று முறை தட்டினார்.

"உள்ள யாருப்பா?"

உள்ளிருந்து சத்தம் வந்தது.

நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஏழு தட்டு.

டிரம்மின் கதவைக் கழற்றி விளக்கு அடித்துப் பார்த்தோம். யாரும் இல்லை. மறுபடி தட்டினோம். மறுபடியும் ஏழு.

"பச்ச மரம் மேடம். காய்ஞ்சா சத்தம் போடும்" என்றார் ரத்தினசாமி. சொல்லும்போது அவர் டிரம்மைப் பார்க்கவில்லை.

பயம் இரண்டு நாள்தான். பிறகு அது விளையாட்டானது. "ஏழு முடிஞ்சுதா? அப்போ போடு" என்று மோட்டார் பார்க்கும் ஜான் பாஷா சிரிப்பான். ஏழு தட்டு கேட்ட பிறகும் சுவிட்ச் போடுகிற ஒரே ஆலை உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஏன் ஏழு என்று எனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை நண்பகலில் கரண்ட் போனது. டிரம்மைப் படம் எடுக்க நான் கொட்டகைக்குப் போனேன். கூரை இடுக்கில் வந்த வெளிச்சத்தைத் தவிர எங்கும் இருட்டு. ஈரமண் வாசனை அன்று மூச்சை அடைத்தது.

கரண்ட் வந்தது. ஜான் பாஷா சுத்தியலால் மூன்று தட்டினான். உள்ளிருந்து பதில் வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

நானும் மனதுக்குள் எண்ணினேன்.

ஆறு. ஏழு.

"அவ்ளோதான்" என்று சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

எட்டு.

மெல்லிய தட்டு. அவன் காதில் விழவே இல்லை.

எட்டாவது மரம் என் வீட்டு வாசலில் அல்லவா நிற்கிறது?

"போடாத!" என்று அலறிக்கொண்டு ஓடி அவன் கையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம்.

"இன்னா மேடம்? இன்னா ஆச்சு?"

"கன்னியப்பன் அண்ணன் எங்கடா?"

அவன் முகம் வெளுத்தது.

கதவைக் கழற்றினோம். உள்ளே தோலைப் புரட்டுகிற குத்துக்கட்டைகளுக்கு நடுவில் அவர் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கரண்ட் போன நேரத்தில் சிக்கிய தோலை எடுக்க இறங்கியிருக்கிறார். இருட்டில் அது தெரியாமல் யாரோ கதவை மாட்டியிருக்கிறார்கள். வெளியே தூக்கிவந்து தண்ணீர் கொடுத்தோம். பல் கிட்டித்துப்போய்ப் பாதி தண்ணீர் சட்டையில் வழிந்தது.

"நல்ல வேளை, தட்டினீங்கண்ணா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நான் எங்கம்மா தட்னேன்? பக்கத்துலயே ஏழு தட்டு கேட்டுச்சு. கை கால் விளங்கல, குரலும் வரல." கிசுகிசுப்பாகச் சொன்னார். "அப்புறம் எதுவோ என் கையப் புடிச்சு தட்ட வச்சுது. சொரசொரன்னு இருந்துச்சும்மா."

அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். சுற்றிலும் தோல் வழண்டிருந்தது. சிராய்ப்பில் மரப்பட்டைத் தூள் ஒட்டியிருந்தது.

டிரம்முக்குள் பட்டை ஏது? அத்தனையும் இழைத்த பலகை.

அந்தக் கணமே முதலாளி வக்கார் அகமதின் அறைக்குப் போய், அட்டைகளை மாற்றி வைத்ததைச் சொன்னேன். டிரம்மில் ஏழு மரம் திருட்டுத்தனமாக வெட்டியதாக இருக்கலாம் என்றேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இவ்ளோ பெரிய பேஜார் பண்ணி வச்சிருக்க? ஒரு உயிர் போயிருந்தா?" என்றார். பிறகு அவரே அந்தக் கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். டிரம்மை நிறுத்தச் சொன்னார். என்னையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கிளம்பும்போது டிரம்மை மூன்று முறை தட்டிப் பார்த்தேன். பதில் இல்லை. காது வலிக்கும்வரை நின்றேன். கொட்டகையில் பழைய சுண்ணாம்பு நாற்றம் திரும்பியிருந்தது. வேலை போனாலும் மனம் லேசாகிவிட்டது.

நான்கு மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். தனியாக இருப்பவள் நான். சாவிக்காகப் பையைத் துழாவினேன். இன்னொரு கை, பழக்கதோஷத்தில், கதவை மூன்று முறை தட்டியது.

அப்போதுதான் நினைவு வந்தது. முதலாளியிடம் ஏழு மரம் என்றுதான் சொல்லியிருந்தேன். கதவைப் பற்றி மூச்சே விடவில்லை.

காய்ந்து கிடந்த தெருவில் ஈரமண் வாசனை எழுந்தது.

சாவி என் கையில் இருந்தது. வீட்டுக்குள் யாரும் இல்லை.

உள்ளிருந்து ஒரே ஒரு தட்டு கேட்டது.