அரைநிலாப் பாக்கெட்

குப்பைக்கூடையில் பச்சை வெல்வெட் கிடந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்த மாமியார்தான் அதை முதலில் பார்த்தாள். குனிந்து எடுத்து விரித்தாள். கோட்டின் முன்பாகம், முழுசாக ஒரு பக்கம். ஓரத்தில் இளைய மருமகள் போட்ட சாக்பீஸ் கோடு இன்னும் அழியாமல் இருந்தது.

பால் பொங்கி வழிந்தது. அவள் திரும்பவில்லை.

"டிசைனரம்மா, இங்க வா. உன் கோட்டை யாரோ அறுத்துப் போட்டிருக்காங்க."

யாரோ என்றாளே தவிர, பார்வை மூத்த மருமகள் மேல்தான் இருந்தது. மூத்தவள் அடுப்பை அணைத்தாள். அவள் விரல் நுனிகளில் பச்சைத் தூசு ஒட்டியிருந்தது. வெல்வெட்டை வெட்டினால் அந்தத் தூசு ஒரு நாளில் போகாது.

இளையவள் பாதி பின்னிய தலையோடு ஓடிவந்தாள். அன்று அவளுக்கு நேர்காணல். ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் பெரிய கம்பெனி ஒன்று உதவி டிசைனர் வேலைக்கு ஆள் எடுக்கிறது. இருப்பது ஒரே இடம். தானே வரைந்து, வெட்டி, தைத்த உடை ஒன்றைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கோட்டுக்காக அவள் எத்தனையோ நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கோட் தையல் அறையில் மாட்டியபடியே இருந்தது. கிழிசல் இல்லை, குறையும் இல்லை. ஆனால் உள்பக்கத்தைப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இடது பக்கம் என் தையல் இல்ல. யாரோ பிரிச்சு வேற துணி வெச்சிருக்காங்க." பின்னாலேயே வந்த மூத்தவளைப் பார்த்தாள். "அக்கா, நீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

மூத்தவள் கோட்டை வாங்கி, வெளிப்பக்கம் தெரியத் திருப்பினாள்.

"அவகிட்டப் போய் எதுக்குன்னு கேக்கறியே," என்றாள் மாமியார். "வயித்தெரிச்சல்னு வாயால சொல்லுவாளா? நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உன்னை டிசைனரம்மான்னு கூப்பிட்டா போதும், இவ முகம் போற போக்கைப் பாக்கணும்..."

அந்தப் பேச்சில் பொய் இல்லை.

அவளும் இளையவளைப் போலவே ஆடை வடிவமைப்புதான் படித்திருந்தாள். இளையவளுக்குச் சில வருடம் முந்திப் படித்தாள், அவ்வளவுதான். திருமணத்துக்கு முன்பே ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியின் சாம்பிள் அறையில் வேலை பார்த்தாள். ஆயிரம் சட்டை தைப்பதற்கு முன் முதல் சட்டை பிறக்கும் அறை அது. காகிதத்தில் வரைந்ததை உடம்பில் நிற்க வைப்பது அவளுக்குக் கைவந்த வேலை. மாமனார் படுக்கையில் விழுந்தார். வேலையை விட்டாள். அவரைத் திருப்பிப் படுக்க வைப்பதும், துடைத்துவிடுவதும், ஊட்டுவதுமாக வருடங்கள் போயின. அவர் போன பிறகு யாரும் அவளை மறுபடி வேலைக்குப் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அவள் என்ன படித்தாள் என்பதையே வீடு மறந்துவிட்டிருந்தது.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இளையவள் வந்தாள். மாமனாரின் அறை காலியாக இருந்தது. மாமியார் அதைச் சின்ன மருமகளின் தையல் அறையாக்கினாள். மூத்தவள் முதல் சம்பளத்தில் வாங்கிய டம்மி பரண்மேல் கிடந்தது. தலையும் கையும் இல்லாத, துணி போர்த்திய அந்த உடல்பொம்மையை மாமியாரே இறக்கித் துடைத்து அங்கே வைத்தாள். இளையவள் தன் அளவுக்கு வருவதற்காக அதன் மார்பிலும் இடுப்பிலும் பஞ்சு வைத்துக் கட்டினாள். ஒவ்வொரு முறை துணி மடிக்கப் போகும்போதும் மூத்தவள் கண் அந்தப் பஞ்சில் போய் நிற்கும். தன் உடம்பில் இன்னொருத்தி குடியேறிவிட்ட மாதிரி இருக்கும்.

வந்தவர்களிடமெல்லாம் மாமியார் பெருமை பேசினாள். இந்தப் படிப்புக்கு இப்போது எத்தனை வழி தெரியுமா, வரையலாம், துணிக்கடைக்கு ஜன்னல் அலங்காரம் பண்ணலாம், வெளிநாட்டு ஆர்டரைக் கவனிக்கலாம், சினிமாவுக்கு உடை பண்ணலாம், எங்க டிசைனரம்மா எதில் போனாலும் நிற்பாள் என்று. தட்டில் தேநீர் எடுத்துக்கொண்டு மூத்தவள் அந்தப் பேச்சுக்கு நடுவே நடந்து போவாள். உனக்கும் தெரியுமே என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

கேட்ட ஒரே ஆள் இளையவள்தான். அதுதான் மூத்தவளால் தாங்க முடியாததாக இருந்தது. வெறுக்கவும் விடமாட்டேன் என்கிறாளே என்று தோன்றும்.

"அக்கா, நேர்காணலுக்கு நீங்களும் வாங்க. உங்க பேரையும் கொடுத்துட்டேன்," என்று ஒரு நாள் வந்து நின்றாள். கையில் பச்சை வெல்வெட். கடையில் மிச்சமிருந்த கடைசித் துணி, சல்லிசாகக் கிடைத்ததாம். அதை இருவருக்குமாக வெட்டினாள். "நீங்க தைக்கப்போற பாவாடைக்கு நெறைய வேணும். பெரிய துண்டு நீங்க எடுத்துக்கோங்க. எனக்குக் கோட்டுதானே, எப்படியாவது அடக்கிடுவேன்."

எப்படியாவது அடக்கிவிட்டாள். அதில்தான் வந்தது வினை.

முந்தின நாள் மாலை நேர்காணலுக்குச் செருப்பு வாங்க இளையவளை அழைத்துக்கொண்டு மாமியார் கடைக்குப் போயிருந்தாள். மூத்தவள் தன் பாவாடையின் கடைசித் தையலைப் போட்டுவிட்டு எழுந்தாள். பாக்கெட்டின் வாயை அரைநிலா மாதிரி வளைத்துத் தைத்திருந்தாள். அது அவளுடைய பழைய பழக்கம். சாம்பிள் அறையில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். நன்றாக வந்திருந்தது. தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஜன்னலைத் திறந்தாள். மாலை வெயில் இளையவளின் கோட்டின் மேல் விழுந்தது.

கோட் இரண்டு பச்சையாக இருந்தது. வலது பக்கம் இலை நிறம், இடது பக்கம் கிணற்றுப் பாசி நிறம்.

வெல்வெட்டுக்கு ஒரு ஓட்டம் உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிராகத் தடவினால் கையைத் தடுக்கும். எல்லாப் பாகத்தையும் ஒரே ஓட்டத்தில் வைத்துத்தான் வெட்ட வேண்டும். ஒன்று தலைகீழானாலும் வெளிச்சத்தில் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். டியூப்லைட்டிலேயே வேலை செய்த இளையவள் இதைக் கவனிக்கவில்லை.

மூத்தவளுக்குள் ஏதோ ஒன்று இனித்தது. அதை அவள் மறுக்க முடியாது. நேர்காணல் அறை, ஜன்னல், கோட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு கை, சுருங்கும் புருவம் எல்லாம் கண்முன் வந்தன. டிசைனரம்மா... என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாளை வாயைத் திறக்காமல் இளையவளோடு போனால் போதும். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

பிறகு, தெரிந்தவள் எப்படி இந்தத் தப்பைப் பண்ணினாள் என்று யோசித்தாள். தரையில் கிடந்த காகித அச்சுகளை எடுத்து, இளையவளுக்குக் கிடைத்த துணியின் அளவுக்குள் அடுக்கிப் பார்த்தாள். ஒரே ஓட்டத்தில் வைத்தால் துணி போதவில்லை. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மட்டும் அடங்குகிறது.

துணி ஏன் போதவில்லை? பெரிய துண்டு தன் பாவாடையில் இருந்தது.

கோட்டின் இடது முன்பாகத்தைப் பிரித்தெடுத்தாள். பிறகு பாவாடையை எடுத்து முன்பக்கத் தையலைப் பிரித்தாள். வெல்வெட்டில் ஊசி போன தடம் போகாது. எப்படி நகர்த்தி வைத்தாலும் அரைநிலாவின் துளைகள் கோட்டுக்குள் வந்தன. கடைசியில் அந்த வளைவு கோட்டுப் பாக்கெட்டின் மூடிக்கு அடியில் மறைகிற மாதிரி வைத்து வெட்டினாள். அவர்கள் திரும்புவதற்குள் தைத்து மாட்டிவிட்டாள். பிய்ந்த பாவாடை மாமனாரின் பழைய போர்வைகளுக்கு அடியில் போனது. கோட்டிலிருந்து பிரித்த பாகத்தை மட்டும் ஒளிக்கத் தோன்றவில்லை. குப்பைக்கூடையில் போட்டால் யார் கண்ணிலும் படாது என்று நினைத்துவிட்டாள்.

இப்போது அது மாமியாரின் கையில் இருந்தது.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால், புதுத் துணி எங்கிருந்து வந்தது என்று இளையவள் கேட்பாள். தெரிந்தால் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டமாட்டாள். அவளைப் பற்றி மூத்தவளுக்குத் தெரியும்.

"கிளம்பு, நேரமாச்சு," என்றாள். "கோட்டுக்கு ஒண்ணும் ஆகல."

"நீங்க வரலையா?"

"இல்ல. பாவாடை சரியா வரல."

இளையவளின் கண் கலங்கியது. "போட்டின்னா நேருக்கு நேர் வருவீங்கன்னு நினைச்சேன் அக்கா. நீங்க வேற வழி பாத்துட்டீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு உடுப்பு இல்லாததால் அதே கோட்டை எடுத்துப் போனாள்.

மூத்தவளின் கணவன் கண்ணாடி முன் நின்றபடி, வேலைக்குப் போக ஆசை என்றால் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அடுத்தவள் துணியில் ஏன் கை வைத்தாய் என்று கேட்டான். அவள் சொல்லியிருந்தாள், பல தடவை. ஒவ்வொரு தடவையும் 'பாக்கலாம்' என்றிருந்தான். இப்போது அதை நினைவுபடுத்தத் தெம்பில்லை.

அன்று முழுவதும் மாமியார் அவளோடு பேசவில்லை. தன் தேநீரைத் தானே போட்டுக் குடித்து, தம்ளரையும் தானே கழுவி வைத்தாள். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. மூத்தவள் துணி துவைத்தாள், உலர்த்தினாள், மடித்தாள். டம்மியைப் பார்க்காமலிருக்க அந்த அறைப் பக்கமே போகவில்லை.

சாயங்காலம் இளையவள் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. மாமியார் ஆவலோடு எழுந்து வந்ததைக் கவனிக்கவும் இல்லை. நேரே குப்பைக்கூடைக்குப் போய் அந்தப் பச்சைத் துணியை எடுத்தாள். ஜன்னலோரம் போய் அதையும் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள்.

"அத்தை, இங்க வாங்க. ரெண்டும் ஒரே நிறமா?"

மாமியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இது கொஞ்சம் கருப்படிச்ச மாதிரி..."

"ரெண்டும் ஒரே துணி. நான் தலைகீழா வெட்டிட்டேன். இதோட போயிருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பாங்க." மூத்தவள் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்க பாவாடையை எடுங்க."

"அதெல்லாம் எதுக்கு இப்ப..."

"எடுங்கக்கா."

மூத்தவள் நகரவில்லை. போர்வையெல்லாம் இருக்கும் அலமாரியை அவள் கண் ஒரு தரம் தொட்டுவிட்டு வந்தது. இளையவளுக்கு அது போதும். போய் இழுத்து எடுத்தாள். முன்பக்கமே இல்லாத பாவாடை அவள் கையில் தொங்கியது. கோட்டை உள்பக்கமாகப் புரட்டினாள். மாமியாரின் விரலைப் பிடித்து, துளைகளின் மேல் வளைவாக ஓட்டினாள்.

"இது என்னன்னு தெரியுதா அத்தை? அக்காவோட பாக்கெட். நேர்காணல்ல ஒரு அம்மா உள்தையலைப் பாத்தாங்க. கோட்டு ஒழுங்கா இருக்கு, ஆனா இந்தத் துணி ஏற்கெனவே வேற எதுவாவோ இருந்திருக்கே, எதுவா இருந்ததுன்னு கேட்டாங்க. நான் தடவிப் பாத்தேன். பாத்ததும் எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு. காலையில நான் உங்களை என்ன சொன்னேன் அக்கா..."

மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை. விரல் அந்த வளைவிலேயே இருந்தது.

"ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் அவ்வளவு பேசினேனே. வயித்தெரிச்சல்னு..."

"அது நிஜம்தான் அத்தை," என்றாள் மூத்தவள். "எரிஞ்சுது. இவ தப்பைப் பாத்ததும் முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் பிரிச்சேன்."

இளையவள் அவளைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவே பச்சை வெல்வெட் கசங்கியது. மாமியார் சற்று நேரம் தள்ளியே நின்றாள். பிறகு அருகில் வந்து, மூத்தவளின் கையை எடுத்து, விரல் நுனியிலிருந்த பச்சைத் தூசைத் தன் முந்தானையால் துடைத்தாள். அது போகவில்லை. அவளும் விடாமல் துடைத்துக்கொண்டிருந்தாள். தன் புருஷனை வருடக்கணக்காகத் துடைத்துவிட்ட கை அது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்ததோ என்னவோ, குனிந்த தலை நிமிரவில்லை.

"வேலை என்னாச்சு?" என்று கொழுந்தன் வாசலிலிருந்து கேட்டான்.

முடிவு இன்னும் சொல்லவில்லை என்றாள் இளையவள். நடந்ததையெல்லாம் அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாளாம். அந்த அம்மா நாளைக் காலையில் மூத்தவளையும் வரச் சொல்லியிருக்கிறாள். புது உடுப்பு வேண்டாம், அந்தப் பாதிப் பாவாடையையே கொண்டுவரட்டும் என்றாளாம். இருப்பது இன்னும் அதே ஒரே இடம்தான். இளையவளையும் கூடவே வரச் சொல்லியிருந்தார்கள்.

"இப்ப எனக்கு எரியுதுக்கா," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

"எரியட்டும்," என்றாள் மூத்தவள். "பழகிடும்."

அழுகைக்கு நடுவே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை மூத்தவள் தையல் அறைக்குப் பாவாடையை எடுக்கப் போனாள். டம்மியின் மேல் கட்டியிருந்த பஞ்சு பிரித்து வைக்கப்பட்டிருந்தது. யார் பிரித்தது என்று அவள் கேட்கவில்லை. இருவரும் வாசலில் இறங்கி நடந்தார்கள். ஒருத்தி கையில் கோட், இன்னொருத்தி கையில் முன்பக்கம் இல்லாத பாவாடை. மூத்தவளின் கணவன் கதவோரம் நின்று, சாயங்காலம் தானே வந்து அழைத்துக்கொள்கிறேன் என்றான்.

"டிசைனரம்மா," என்று மாமியார் உள்ளிருந்து கூப்பிட்டாள்.

இருவருமே திரும்பினார்கள். மாமியார் மூத்தவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்துப் போ," என்றாள்.

இளையவளின் முகம் ஒரு கணம் சுருங்கியதை மூத்தவள் கண்டாள். அந்தச் சுருக்கத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காகக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். பாவாடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, இளையவளின் கையைப் பிடித்தாள்.