மெழுகு ஆப்பிளும் 'தோணுது சாரும்'

"ஐயோ... கடிச்சிட்டீங்களா!"

அவன் திரும்பினான். வாய் நிறைய மெழுகு. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எதிரே கையில் பழத்தட்டோடு ஒருத்தி... மழை ஈரத்தில் நெற்றியோடு ஒட்டிய முடி, சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போன இரண்டு கண்கள்.

மழைக்காக அவன் ஒதுங்கிய மேசை நாற்காலிக் கடை அது. சாப்பாட்டு மேசை மேல் கிண்ணம் நிறையச் சிவந்த ஆப்பிள்கள் இருந்தால் பசித்தவன் என்னதான் செய்வான்? அவை அவள் வார்த்தவை. கடைகளில் அழகுக்கு வைக்க மெழுகில் பழங்கள் செய்வதுதான் அவளுக்கும் அப்பாவுக்கும் தொழில்.

"பார்த்தா தெரியலையா சார், மெழுகுன்னு?"

"நான் இதைப் பழம்னு சொல்லவே இல்லையே... பழம் மாதிரி தோணுச்சு. அவ்வளவுதான்."

"தோணினா உடனே கடிச்சிடுவீங்களா?"

அவன் காது சிவந்தது. கல்லூரியில் பழைய கிரேக்கத் தத்துவம் சொல்லித் தருகிறவன்! கண்ணுக்குத் தெரிவது வேறு, உள்ளபடி இருப்பது வேறு என்று அன்று காலைதான் தொண்டை வற்றக் கத்திவிட்டு வந்திருந்தான்.

"எதையும் அடிச்சுச் சொல்லக் கூடாது, 'இப்படித் தோணுது'ன்னு மட்டும்தான் சொல்லணும்னு அந்தக் காலத்துல ஒரு கூட்டமே இருந்துச்சுங்க. நானும் அந்தக் கட்சிதான். பசங்க எனக்கு வெச்ச பேரே 'தோணுது சார்'."

"அந்தக் கூட்டத்துல யாரையாவது கட்டிக்கிட்டவங்க ரொம்பப் பாவம்" என்றாள் அவள்.

மழை விட்டது. அவன் போகவில்லை.

அதன்பிறகு வெயில் காய்ந்த நாட்களிலும் அவள் பட்டறைக்கு 'ஒதுங்க' வந்தான். அவள் அச்சைப் பிரித்துப் பழத்தை எடுப்பதையும், காம்புப் பக்கம் மெல்லிய தூரிகையால் சின்னதாக ஒரு வடு வைப்பதையும் வாய் பிளந்து பார்ப்பான்.

"அடிபடாத பழத்தை யாரும் நம்ப மாட்டாங்க சார்."

"இன்னைக்கு நீங்க அழகா இருக்கிற மாதிரி தோணுது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனைப் பிடித்தும் இருந்தது... அதுதான் தொல்லை!

அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் கேட்டே விட்டார்.

"தம்பி, சுத்தி வளைக்காம கேக்கறேன். என் பொண்ணைப் பிடிச்சிருக்கா?"

பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"பிடிச்சிருக்கிற மாதிரி... தோணுதுங்க."

மெழுகு கலக்கிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லாத் தெரிஞ்சப்புறம் வாங்க சார். போயிட்டு வாங்க."

அவன் வாசல் தாண்டியதும் அழுதுவிட்டாள். இத்தனை நாள் தன்னைப் பார்த்த அந்தக் கண்களும் மெழுகுதானா?

"அந்தக் கடிச்ச ஆப்பிளை இன்னும் உருக்கலையாம்மா?" என்றார் அப்பா.

"உருக்கறேன்."

"எப்போ?"

அலமாரியில், அவன் பல் பதிந்த பக்கம் தன்னைப் பார்க்கும்படி அதை வைத்திருந்தாள்.

அடுத்த மழையில் அவன் வந்து நின்றான், தொப்பலாக நனைந்து. அவள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மேசை மேல் ஆப்பிள்களை வரிசையாக அடுக்கினாள்.

"இதுல ஒண்ணுதான் நிஜம். எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவன் ஆப்பிள்களைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தான்.

"பழம் விஷயத்துல எனக்குச் சாகிற வரைக்கும் சந்தேகம்தான். உங்க விஷயத்துல இல்லைங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களைப் பார்க்காத நாள்ல வகுப்புல என்ன பேசறேன்னே எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டு, கைக்கு வந்த ஆப்பிளை எடுத்து ஒரே கடி...

"எப்படித் தோணுது?" என்றாள் அவள்.

"மெழுகு! மெழுகேதான்! அடிச்சுச் சொல்றேன்!"

அவ்வளவுதான், அவள் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் தளும்பத் தளும்பச் சிரித்தாள்.

"ஒண்ணுகூட நிஜமில்லைங்க. என் கோபமும்தான்..." அலமாரியிலிருந்து அந்தப் பழைய ஆப்பிளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "உருக்க மனசு வரல. எனக்கும்..."

"தோணுதா?"

"வாயை மூடுங்க. பிடிச்சிருக்கு!"

உள்ளே எதையோ நறுக்கென்று கடிக்கும் சத்தம். தொடர்ந்து அப்பாவின் குரல்:

"நிஜ ஆப்பிள் இங்கே இருக்கு. வாயைக் கழுவிட்டு வாங்க மாப்பிள்ளை!"