ஃப்ளெக்ஸில் சிரித்த குழந்தை

போன் அடித்தது.

காலை பத்தரை மணி. நாமக்கல், கிண்கிணி தாய்சேய் மருத்துவமனை. மறுநாள் பள்ளிபாளையத்தில் மூன்றாவது கிளை திறப்பு விழா. அந்தக் குஷியில் இருந்த டாக்டர் மோகன்குமார் ரிசீவரை எடுத்தான்.

மார்க்கெட்டிங் மேனேஜர் மதுமதி பேசினாள். பள்ளிபாளையத்தில் வைத்த ஃப்ளெக்ஸ் போர்டு பற்றி ஒரு அம்மா புகார் சொல்கிறாள், பெரிய டாக்டரிடம்தான் பேசுவேன் என்று அடம் பிடிக்கிறாள், லைன் தரட்டுமா என்றாள். போர்டின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.

மோகன்குமார் செல்போனைத் திறந்தான்.



போர்டில் சிரித்தது அவன் மகன் இனியன்! பதினோரு மாதமாக ஒரு ஸ்டேட்டஸில்கூட வைக்காத முகம்...

"டாக்டருங்களா? நான் தமிழ்ச்செல்விங்க. தறி ஓட்டற சென்னிமலையோட சம்சாரம்."

அந்தப் பெயரை அவன் மறக்க முடியுமா? இதே ஆஸ்பத்திரியில் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவள். இன்குபேட்டரில் ஒன்று இறந்துவிட்டது என்று அவளிடம் கூசாமல் சொன்னவன் அவன்தான்!

பச்சைக் குழந்தையைப் புதைக்கும் இடத்துக்குப் பெற்றவளைக் கூட்டிப்போகும் வழக்கம் அவர்களிடம் இல்லை. துணிச்சுருளை வாங்கிப்போன தகப்பனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. பிரித்திருந்தால், உள்ளே யாரோ கைவிட்டுப்போன வேறொரு சிசுவின் உடல்.

இறக்காத பிள்ளை மோகன்குமார் வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்தது. முறைப்படி தத்தெடுத்ததாக அவன் மனைவி சண்முகப்பிரியா இன்றுவரை நம்புகிறாள்.

"சொல்லுங்கம்மா..."

"எம்பையன் போட்டோவ ஒரு வார்த்த கேக்காம போட்டுட்டீங்களேங்க. ஊர்க்கண்ணு பட்டு நேத்திருந்து காச்சல்."

எம்பையன்!

மோகன்குமார் மெல்ல மூச்சு விட்டான். அவள் தன் வீட்டில் இருக்கும் பிள்ளையின் போட்டோ என்றல்லவா நினைத்திருக்கிறாள்! இரட்டையரின் ஒரே முகச்சாயல் அவனைக் காப்பாற்றிவிட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

"தப்பாப் போச்சுங்கம்மா. அது உங்க பையன்தான். தடுப்பூசி போட வந்தப்ப எங்க ஆளுங்க எடுத்தது."

"அந்தச் சட்ட எங்ககிட்ட இல்லீங்களே?"

"கம்ப்யூட்டர்ல மாத்திட்டாங்க. இன்னைக்கே கழட்டச் சொல்றேன். பையனக் கூட்டிட்டு வாங்க, நானே பாக்கறேன்."

அவள் நன்றி சொல்லி வைத்தாள்.

கதவு திறந்தது. மதுமதி வந்தாள். பின்னால் காக்கி உடுப்பில் இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி!

"பக்கத்து ரூம்ல கேட்டுட்டுத்தான் இருந்தமுங்க சார். ரெக்கார்டும் ஆயிருச்சு," என்றாள் மதுமதி.

"என்ன ரெக்கார்டு?"

"அது உங்க வீட்டு ஆல்பத்துல இருந்து எடுத்த போட்டோங்க. உங்க வீட்டு மேடம் மடியில இனியன். மேடத்த மட்டும் வெட்டிட்டேன். தப்புப் பண்ணாத அப்பா யாரா இருந்தாலும் 'அது எம்பையன்'னுதாங்க சொல்லுவாங்க. நீங்க அவங்க பையன்னு சொன்னீங்க."

மோகன்குமார் செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

தடுப்பூசி நாளை ஞாபகப்படுத்த வீடு வீடாகப் போனபோதுதான் மதுமதி தமிழ்ச்செல்வியின் மகனைப் பார்த்தாளாம். டாக்டர் மேஜையில் ஃப்ரேமுக்குள் இருந்த அதே முகம். ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவு வாங்கப்போவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார்.

"தமிழ்ச்செல்விக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லீங்க. நான்தான் போய்ச் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல," என்றாள் மதுமதி.

மோகன்குமாருக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. எழுந்து நின்றான்.

"அந்த போர்ட மொத்தம் எத்தன எடத்துல வெச்ச?"

"ஒரே எடம். அவங்க ஊட்டு வாசலுக்கு நேரெதுக்க."

மதுமதி மேஜைமேல் இருந்த திறப்பு விழா அழைப்பிதழை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ஒரு போர்டு, ஒரு கஸ்டமர், நூத்துக்கு நூறு ரெஸ்பான்ஸ்! இன்கிரிமென்ட்டுக்கு இனி யாரப் பாக்கறதுங்க சார்?"